பழைய கார் பெட்ரோலை அதிகம் குடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

மைலேஜ் குறைந்துவிட்டது என்று தோன்றியதும் பலரும் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் எக்ஸாஸ்ட் காற்றில் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார், அதுவும் பலிக்கவில்லை என்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். பை காலியாகும், மைலேஜ் அப்படியே இருக்கும். வீணாகிற பெட்ரோல் சும்மா மறைந்துவிடாது. சைலன்சர் வாயில் கரி, ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு, மேலே ஏறாத டெம்பரேச்சர் முள், இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாடை என்று எங்கேயாவது ஒரு தடயம் விட்டுத்தான் போகும். அந்தத் தடயத்திலிருந்து தொடங்கினால் எதை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எதையும் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

டேங்க்கை நிரப்பும்போது பம்ப் முதல் முறை தானாக நிற்கிற இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு முடிந்தால் அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 312 கிலோமீட்டருக்கு 26 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12. இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு டேங்க் கணக்கை நம்பி யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

டாஷ்போர்டில் தெரிகிற சராசரி மைலேஜை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து இன்ஜின் கணினி போடும் மதிப்பீடு அது. மூடியிருக்கும்போதும் ஒழுகுகிற இன்ஜெக்டர் அந்தக் கணக்கிலேயே வராது.

டயர் அளவை மாற்றியிருக்கிறீர்களா என்றும் யோசியுங்கள். டயரின் விட்டம் 3 சதவீதம் பெரிதானால் ஓடோமீட்டர் கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைவாகக் காட்டும். மைலேஜ் குறைந்தது போலத் தெரியும், உண்மையில் குறைந்திருக்காது. கைபேசி ஜிபிஎஸ்ஸோடு 50 கிலோமீட்டர் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எரிபொருளும் மாறியிருக்கலாம். எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் சுமார் 3 சதவீதம் மைலேஜ் போகும். 20 சதவீதம் கலந்திருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு போகும். இது பழுது இல்லை.

அப்புறம் ஒரு கேள்வி: குறைவு திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? ஒரே மாதத்தில் விழுந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது அல்லது சிக்கிக்கொண்டிருக்கிறது. ஓரிரு வருடங்களாகச் சரிந்து வந்தால் தேய்மானம். கீழே படிக்கும்போது இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டெம்பரேச்சர் முள் பாதிக்கு வருவதில்லை

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வண்டி நன்றாக ஓடும், சத்தம் இருக்காது, பல நேரம் எச்சரிக்கை விளக்குகூட எரியாது. இன்ஜின் சூடாகாமல் இருப்பது நல்லதுதானே என்று ஓட்டுபவரும் விட்டுவிடுவார். ஆனால் குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி வேண்டுமென்றே கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறது. முள் ஏறாதவரை அந்தக் கூடுதல் நிற்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் இன்ஜின் சூடாகும்வரை, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாது, மேல் கியரும் விழாது. ஒரு பழுது இரண்டு வழியில் பெட்ரோலைக் குடிக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்தான். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு அது. சோதனைக்குக் கருவி வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்கு மேல் பக்கம் போகும் ரப்பர் ஹோஸில் கை வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் பல நிமிடங்கள் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், பிறகு சட்டென்று சுடும். தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும் என்பதால்தான் அந்தச் சட்டென்ற மாற்றம். ஆரம்பத்திலிருந்தே ஹோஸ் வெதுவெதுப்பாகி, மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகப் பேசாது. இன்ஜின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்ப்பதே நல்லது. கணினியில் பி0128 (P0128) என்ற பழுதுக் குறியீடு வந்திருந்தால் அதுவும் இதே கதைதான்.

தெர்மோஸ்டாட் சரி, முள்ளும் சரியாகவே நிற்கிறது, ஆனாலும் சந்தேகம் என்றால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரைப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் முள்ளுக்கு ஒரு சென்சார், கணினிக்கு வேறு சென்சார். முள் சரியாகக் காட்டும்போதே கணினி மட்டும் ‘இன்ஜின் இன்னும் ஜில்லென்று இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாக ஓட்டிச் சூடான பிறகு கூலன்ட் 80-ஐத் தாண்ட வேண்டும். ஸ்கேனர் இல்லை என்றால் மல்டிமீட்டர் போதும். இந்தச் சென்சாரின் மின்தடை குளிரில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் இருக்கும். 20 டிகிரியில் இரண்டு மூன்று கிலோஓம், 80-ஐத் தாண்டினால் சில நூறு ஓம் என்பது பல வண்டிகளில் காணும் அளவு. சூடான இன்ஜினிலும் கிலோஓம் கணக்கிலேயே நின்றால் சென்சார் போய்விட்டது, அல்லது அதன் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறது. கனெக்டரை முதலில் சுத்தம் செய்யுங்கள்.

அறிகுறி: கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, கரி பிடித்த பிளக்

இன்ஜினுக்குள் காற்றைவிடப் பெட்ரோல் மிஞ்சிப் போகிறது என்று அர்த்தம். ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்லது. மையைத் தடவியது போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில் உள்ளே வருகிறது, அது வேறு வைத்தியம். எல்லா பிளக்கும் கறுப்பு என்றால் கோளாறு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் கறுப்பு என்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் அல்லது பொறி. இந்த ஒரு ஒப்பீடு பாதி வேலையை மிச்சம் பிடித்துவிடும். அதனால் கழற்றும்போதே எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் முதல் பார்வை சோக் மீது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தால் சோக் தகடு முழுதும் திறந்து செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நாள் முழுக்கப் பெட்ரோல் வழிகிறது. கேபிள் இறுகியிருக்கலாம், தானியங்கி சோக் என்றால் அதன் சுருள் சூடாகாமல் இருக்கலாம். அடுத்தது மிதவை. ஓட்டை விழுந்த மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பும். அது மூழ்கிப்போவதால் ஊசி வால்வு மூடாது, கிண்ணத்தில் மட்டம் ஏறும், ஜெட் வழியாகத் தேவைக்கு மேல் போகும். மிதவை நன்றாக இருந்தும் மட்டம் ஏறினால் ஊசியின் முனையில் தேய்ந்த வளையம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டரும் கார்புரேட்டர் வண்டியில்தான் மைலேஜைக் கடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்குமே தவிர மைலேஜை அவ்வளவாகத் தொடாது. உள்ளே வரும் காற்றை அளந்துதானே கணினி பெட்ரோல் கொடுக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனை முடிவும் இதையே சொன்னது. ஃபில்டரை மாற்றுங்கள், இன்ஜினுக்கு நல்லது. மைலேஜ் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தச் சீராக்கியிலிருந்து இன்டேக்குக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) போகும் மெல்லிய வேக்குவம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அந்தக் குழாய் வழியாகவே இன்ஜின் பெட்ரோலை அப்படியே உறிஞ்சுகிறது. இரண்டு நிமிடச் சோதனை, பலரும் தவறவிடும் சோதனை. சூடான இன்ஜினை நிறுத்தி அரை மணி கழித்து ஸ்டார்ட் செய்யத் திணறினால், அப்போது கறுப்பாக ஒரு மூச்சு புகை வந்தால், ஒழுகுகிற இன்ஜெக்டரைச் சந்தேகப்படுங்கள்.

இந்த நிலையில் டிப்ஸ்டிக்கையும் எடுத்து முகருங்கள். ஆயில் மட்டம் ஊற்றாமலேயே ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. பழைய இயந்திரப் பம்பின் சவ்வு கிழிந்தாலும் இதே விளைவுதான். அப்படி நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். காரணத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

அறிகுறி: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, குறியீடு ஆக்சிஜன் சென்சாரைச் சொல்கிறது

என் பழைய காரில் இதில்தான் நிறையச் செலவழித்தேன். மைலேஜ் 14-லிருந்து 11-க்கு வந்தது. ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் ‘காற்று அதிகம்’ என்று காட்டுவதாகக் குறியீடு. பட்டறையில் சென்சாரை மாற்றினார்கள், விளக்கு அணைந்தது, ஒரு வாரத்தில் திரும்ப எரிந்தது. பிறகு ஒரு நாள் காலை ஸ்டார்ட் செய்தபோது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சூடானதும் மறைந்துவிட்டது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில், சென்சாருக்கு முன்னால், விரல் நுனி அளவுக்குக் கறுப்புத் தீற்றல். கேஸ்கெட்டையும் ஒரு உடைந்த போல்ட்டையும் மாற்றியதும் எல்லாம் சரியானது. முதலில் கழற்றிய சென்சார் நல்ல சென்சார்தான்.

நடந்தது இதுதான். எக்ஸாஸ்ட் காற்று துடிப்பு துடிப்பாக வெளியேறுகிறது. இரண்டு துடிப்புக்கு இடையே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்க்கிறது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கணினி நினைத்து இன்னும் ஊற்றுகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, அது பார்த்ததைத்தான் சொன்னது. பொறி தவறும் சிலிண்டரும் இதே வேலையைச் செய்யும், எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால். எனவே குறியீட்டில் ஒரு பாகத்தின் பெயர் இருக்கிறது என்பதற்காக அதை வாங்காதீர்கள். அது கோளாறு தெரிந்த இடம், கோளாறு இருக்கும் இடமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கசிவைத் தேட இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சர் வாயில் காற்று ஊதும் ப்ளோயரைத் துணி சுற்றிப் பொருத்தி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை.

சென்சாரையே சோதிக்க வேண்டுமானால், இன்ஜின் சூடான பிறகு அதன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பழைய வகைச் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் மேலும் கீழும் ஓட வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ வயதாகிவிட்டது. ஆனால் கசிவும் மிஸ்ஸிங்கும் (பொறி தவறுவது) இல்லை என்று உறுதியான பிறகே இந்தத் தீர்ப்பு.

ஸ்கேனர் கையில் இருந்தால் குறியீட்டைவிட ஃப்யூயல் ட்ரிம் எண்கள் அதிகம் பேசும். கணினி தன் அடிப்படைக் கணக்கிலிருந்து எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மறந்துவிடலாம். 10-ஐத் தாண்டினால் தேடுங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) +15 இருந்து, 2500 ஆர்பிஎம்மில் சாதாரணமாகிவிட்டால் எங்கோ வேக்குவம் குழாய் விரிசல் விட்டுக் காற்றை இழுக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் கூடிக்கொண்டே போனால் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு, அல்லது பெட்ரோல் பம்பும் ஃபில்டரும் தளர்ந்துவிட்டன. -15 போன்ற கழித்தல் என்றால் முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்: சீராக்கி, ஒழுகும் இன்ஜெக்டர், அல்லது டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கியிருப்பது.

அறிகுறி: ஐடிலில் நடுக்கம், மிஸ்ஸிங்

தவறிய ஒவ்வொரு பொறியிலும் ஒரு முறைக்கான பெட்ரோல் முழுதும் எரியாமல் எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது. அது புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்துவதே சரி. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் தரும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே நகர்ந்தால் காயில் போச்சு. நகரவில்லை என்றால் பிளக், அதுவும் இல்லை என்றால் இன்ஜெக்டர்.

எல்லாம் மாற்றியும் நடுக்கம் போகவில்லை என்றால் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கேஜ் வைத்து அளந்து பாருங்கள். இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் வெளியே, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்று சுழற்றுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10, 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு. வால்வு இடைவெளி இறுகிப்போயிருக்கலாம், இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் முன் அதைச் சரிபாருங்கள்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இழுத்துப் பிடித்தது போல நிற்கிறது

இன்ஜினில் குறையே இல்லாமல் மைலேஜ் விழுவதற்கு முக்கியக் காரணம் பிரேக் பிடிப்பு. சமதளச் சாலையில், பின்னால் வண்டி வராத நேரத்தில், 40-ல் நியூட்ரலுக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி உருண்டு போக வேண்டும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். நான்கில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து, கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால், பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) சற்றே தளர்த்துங்கள். உடனே சக்கரம் சுதந்திரமானால் பிரேக் ஆயிலின் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் வளையும் ரப்பர் ஹோஸின் உள்சுவர் வீங்கி ஒருவழிப் பாதை ஆகிவிட்டது. வெளியே பார்க்க ஹோஸ் புதிது போல இருக்கும். நிப்பிளைத் தளர்த்தியும் விடவில்லை என்றால் காலிப்பரின் ஊசிகளோ பிஸ்டனோ துருவேறிச் சிக்கியிருக்கின்றன. ஊசிகளுக்கு பிரேக்குக்கான சிலிகோன் கிரீஸ் மட்டும்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை வீங்க வைத்து ஆறு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் நிறுத்தும். பின் சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாருங்கள்.

டயர் காற்றை வண்டி ஓடாத காலையில், ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அது வேறு. டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் சொரசொரப்பு என்றால் அலைன்மென்ட் கெட்டு டயர் சாலையில் தேய்ந்துகொண்டே போகிறது.

அறிகுறி: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

மேனுவல் வண்டியில் மேல் கியரில் 50 வாக்கில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது முள் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக்கில் சீராக 80-ல் போகும்போது பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். டார்க் கன்வர்ட்டர் பூட்டியிருந்தால் ஆர்பிஎம் சில நூறு ஏறி, விட்டதும் இறங்கும். அசையவே இல்லை என்றால் அது பூட்டவே இல்லை. கியர்பாக்ஸைக் குறை சொல்லும் முன் தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை, ஆனால் இழுவை போய்விட்டது

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டி என்றால் வேக்குவம் அட்வான்ஸ் சவ்வைச் சோதியுங்கள். அதன் குழாயில் கைப்பம்பால் வேக்குவம் கொடுத்தால் உள்ளிருக்கும் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். சவ்வு கிழிந்திருந்தால் நிற்காது. மெதுவாகச் சீராக ஓட்டும்போது பொறியை முன்கூட்டியே விடுவது இதன் வேலை. அதாவது மைலேஜ் கிடைக்கிற நேரத்தில்தான் இது உழைக்கிறது. இது போனால் வேறு எந்த அறிகுறியும் பெரிதாகத் தெரியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புதிய வண்டி, அதிக வேகத்தில் மூச்சு முட்டுகிறது என்றால் காட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். இன்டேக்கில் வேக்குவம் கேஜைப் பொருத்தி 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் வெளியேறும் வழி அடைப்பு. அண்மையில் டைமிங் பெல்ட் மாற்றிய வண்டி என்றால் ஒரு பல் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்களா என்றும் குறிகளை ஒத்துப்பாருங்கள்.

அறிகுறி: நின்றிருக்கும் வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாடை

இதை மைலேஜ் பிரச்சினையாகப் பார்க்க வேண்டாம், தீ அபாயமாகப் பாருங்கள். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை என்றால் நிரப்பும் கழுத்துக் குழாயின் ரப்பர் வெடித்திருக்கும். எப்போதும் என்றால் இன்ஜின் அறையில் ஹோஸ் மூட்டுகள். டார்ச் வைத்துத் தேடுங்கள், கண்டுபிடிக்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டீசல் என்றால்

கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறைதான் காரணம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் ஆயில் ஈரம் படிந்த விரிசலைத் தேடுங்கள். அடுத்து, எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், கடைசியில் இன்ஜெக்டர். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டி குறுகிய தூரமே ஓடினால், கரியை எரிக்கவே அடிக்கடி டீசலைச் செலவழிக்கும்.

எந்த அறிகுறியும் இல்லை என்றால்

மேலே காலியாகக் கிடக்கும் கேரியரைக் கழற்றுங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் 90-ல் இருந்து 110-க்குப் போனால் அந்தத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆயில் தரம் கையேட்டில் சொன்னதா என்று பாருங்கள், தேவையில்லாமல் கெட்டியான ஆயில் ஓரிரு சதவீதம் எடுத்துக்கொள்ளும். நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டால் சிறிய காரே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். மூன்று கிலோமீட்டர் பயணங்களாகவே ஓடும் வண்டி ஒருபோதும் முழுதாகச் சூடாவதில்லை, அதனால் வாரத்தில் ஒரு நீண்ட பயணத்தின் மைலேஜைத் தனியாக அளந்து பாருங்கள். அது பழைய அளவிலேயே இருந்தால் வண்டியில் பழுது எதுவும் இல்லை.